அப்பாவுக்கு எந்தப் பெட்டி, எந்தக் கலசம்?

கேள்வி

அப்பாவுக்கு 81 வயது. அம்மாவும் அவரும் கிரீன் கார்டில் வந்து டாலஸ் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். சொந்த ஊர் குளித்தலை. புற்றுநோய் முற்றிய நிலை. இப்போது ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். இன்னும் சில வாரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். "என்னை எங்கே எரித்தாலும் சரி, சாம்பல் காவிரிக்குப் போகணும்" என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் நானும் கணவரும் ஒரு ஃப்யூனரல் ஹோமுக்கு (இறுதிச் சடங்கு நடத்தித்தரும் நிறுவனம்) போய் விசாரித்தோம். தகனம்தான் என்று முதலிலேயே சொன்னோம். ஓர் அறை நிறையப் பெட்டிகள். முதலில் காட்டியது ரப்பர் சீல் வைத்த 18 கேஜ் ஸ்டீல் பெட்டி. "இது உங்கள் அப்பாவைப் பாதுகாக்கும்" என்றார்கள். அடுத்தது மஹாகனி. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், "அப்பாவுக்குச் செய்வதில் கணக்குப் பார்க்காதே, மஹாகனியே எடு, பாதி நான் தருகிறேன்" என்கிறார். அம்மாவுக்கோ பெட்டி என்ற பேச்சே ஆகவில்லை. "நம்ம வழக்கத்தில் ஏது பெட்டி? பாடையில் போகிறவரை அதில் போட்டு அடைக்கணுமா?" என்று அழுகிறார். அஸ்திக்கென்று அண்ணன் ஒரு செப்புக் கலசம் வாங்கி, இங்கே வரும் நண்பரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதிலேயே வைத்து விமானத்தில் கொண்டுபோகலாமா? அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே இதையெல்லாம் கேட்பது பாவம் செய்வதுபோல இருக்கிறது.

— டாலஸ் வாசகி

பதில்

அன்புச் சகோதரிக்கு,

இதில் பாவம் எதுவும் இல்லை. டெக்சஸில் ஃப்யூனரல் டைரக்டராக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் அதிகம் பார்ப்பது, உயிர் பிரிந்த மறுநாள் காலையில் கண் மூடாத களைப்போடு, ஊரிலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பெட்டி அறைக்குள் நுழைகிறவர்களைத்தான். அந்த நிலையில் யாரால் நிதானமாக விலை பார்க்க முடியும்? காட்டியதற்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் இப்போதே விசாரித்து வைத்தால் அந்த நாளில் அம்மாவின் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கும். விசாரிப்பதற்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கட்டச் சொன்னால், "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் பெட்டியும் கலசமும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். பெட்டி உங்களுக்குச் சில மணி நேரத்துக்குத்தான் வேண்டும். அப்பாவைக் கிடத்தவும், எல்லோரும் பார்க்கவும், காலைத் தொட்டுக் கும்பிடவும் வேண்டும். கடைசியில் அது அவரோடு எரிந்துவிடும். கலசம் அதைவிட நெடுந்தூரம் போக வேண்டியது. விமான நிலையத்து எக்ஸ்ரேயைத் தாண்டி, இரண்டு மூன்று விமானம் மாறி, திருச்சியிலிருந்து காரில் குளித்தலை போய், காவிரியில் இறங்க வேண்டும். அந்தந்த வேலைக்கு எது ஒத்துவரும் என்று மட்டும் பாருங்கள். அறையில் எது பளபளக்கிறது என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

ஸ்டீல் பெட்டியை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். உலோகப் பெட்டியைத் தகன உலைக்குள் வைக்க முடியாது. 18 கேஜ் என்பது தகட்டின் கனம். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும், விலையும் ஏறும். அந்த ரப்பர் சீல் மூடியின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு பட்டை. புதைக்கும்போது நிலத்து ஈரம் உடனே உள்ளே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். உடலை அது கெடாமல் காக்காது. நீண்ட காலம் காக்கும் என்று சொல்லி விற்பதை அமெரிக்க மத்திய விதியே தடைசெய்கிறது. தகனம் என்று சொன்ன குடும்பத்துக்கு முதலில் ஸ்டீல் பெட்டியைக் காட்டி, "அப்பாவைப் பாதுகாக்கும்" என்று பேசிய இடத்தை நான் நம்ப மாட்டேன். வேறு இரண்டு இடங்களில் விசாரியுங்கள்.

நான் சொல்லும் அந்த விதி, ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற மத்திய வணிக ஆணையம் 1984-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஃப்யூனரல் ரூல். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கும் பெரிய பாதுகாப்பு அது. நேரில் போய் விலை விசாரித்தால், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலை உங்கள் கையில் தர வேண்டும்; அதை வீட்டுக்கு எடுத்துவரலாம். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். பெட்டிகளைக் காட்டும் முன்பே பெட்டிகளின் விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு பட்டியலைப் பற்றிப் பேச்சே இல்லை. தந்திருந்தால் எடுத்து வைத்துப் படியுங்கள், தராவிட்டால் போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் விலை குறைந்த பெட்டிகள் அறையில் இருக்காது, பட்டியலின் கடைசியில்தான் இருக்கும். காட்டப்படும் முதல் மூன்றில் ஒன்றை, அதிலும் நடு விலையில் இருப்பதைத்தான் மக்கள் வழக்கமாக வாங்குகிறார்கள் என்று அந்தக் கமிஷனின் நுகர்வோர் வழிகாட்டியே எச்சரிக்கிறது. சாதாரணமாக ஒரு பெட்டியின் விலை 2,000 டாலருக்குச் சற்று மேல் என்றும், மஹாகனி, வெண்கலம், செம்பு என்று போனால் 10,000 டாலர் வரைகூட ஆகும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. உங்களுக்குத் தலை சுற்றியதில் வியப்பில்லை.

பெட்டியையோ கலசத்தையோ அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியில் வாங்கி வந்தால் அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கென்று தனிக் கட்டணமும் போடக் கூடாது. காஸ்ட்கோவில்கூடப் பெட்டி விற்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

தகனத்துக்குப் போகிறவருக்கு இங்கே மூன்று வழி உண்டு. மஹாகனி, ஓக், பைன் என்று ஏதாவது ஒரு மரப்பெட்டியை வாங்கி, அதோடு எரிப்பது ஒன்று. இரண்டாவது, பெட்டியை வாடகைக்கு எடுப்பது. வெளியே நல்ல மரப்பெட்டி. அதற்குள் கழற்றக்கூடிய ஓர் உள்பெட்டியும் துணியும் இருக்கும். பார்வைக்கு வைத்து முடிந்ததும் உள்பெட்டியோடு அப்பாவை எடுத்துவிடுவார்கள், உள்பெட்டி மட்டும் எரியும். அப்பாவின் உடல் படும் பகுதி புதிதுதான், வேறு யாருக்கும் போட்டது அல்ல. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மூன்றாவது, 'ஆல்டர்நேட்டிவ் கன்டெய்னர்' என்பது. கெட்டி அட்டையிலோ, வண்ணம் பூசாத சாதா மரத்திலோ செய்த பெட்டி. நேரடித் தகனம் (பார்வைக்கு வைக்காமல் நேரே எரிப்பது) செய்துதரும் எந்த ஃப்யூனரல் ஹோமும் இதை வைத்திருந்தாக வேண்டும். தகனத்துக்கு அலங்காரப் பெட்டி சட்டப்படி வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பொய்.

இரண்டாவதையோ மூன்றாவதையோதான் நான் சொல்வேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடி இரண்டு துண்டாக இருக்கும். மேல் பாதியை மட்டும் திறந்து வைப்பார்கள். முகமும் மார்பும் தெரியும், இடுப்புக்குக் கீழே மூடியே இருக்கும். இங்கே அது வழக்கம், யாருக்கும் உறுத்தாது. நம் வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும்போதுதான் தெரியும், தாத்தாவின் கால் எங்கே என்று. மூடிய மரத்தின்மேல் தலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முழு மூடியும் ஒன்றாகத் திறக்கிற 'ஃபுல் கவுச்' பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். வாடகைப் பெட்டிகளில் அரை மூடிதான் அதிகம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பெட்டியை வைக்கும் தாங்கியின் உயரத்தையும் பாருங்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பாவின் கையைப் பிடிக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் மஹாகனியைவிட உங்களுக்கு முக்கியம்.

இனி அம்மாவின் வருத்தம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. பெட்டி இல்லாமலே பெரும்பகுதியைச் செய்ய முடியும். பல ஃப்யூனரல் ஹோம்களில், கேட்டால், ஒரு மேஜையிலோ கட்டில் மாதிரியான தளத்திலோ வேட்டி விரித்து அப்பாவைக் கிடத்தி வைப்பார்கள். குளிப்பாட்டுவதையும், விபூதியோ திருமண்ணோ இட்டு வேட்டி கட்டிவிடுவதையும் நீங்களே செய்யலாம். அதற்கு ஓர் அறையும் நேரமும் ஒதுக்கச் சொல்லுங்கள். வாய்க்கரிசி, மாலை, சுற்றி வந்து கும்பிடுவது எல்லாம் அங்கேயே முடியும். உலைக்கு எடுத்துப்போகும்போது மட்டும் கெட்டியான, எரியக்கூடிய ஒரு பெட்டியில் வைத்தாக வேண்டும். தூக்குவதற்கும் உள்ளே தள்ளுவதற்கும் அது இல்லாமல் ஆகாது. மூங்கில் பாடை ஊரில் செய்யும் வேலையை இங்கே அந்த அட்டைப் பெட்டி செய்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் அப்பாவின் வேட்டியையோ அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றையோ உள்ளே விரித்துவிட்டால் அட்டையே தெரியாது.

கொள்ளி வைக்கும் இடத்தில், குடும்பத்தார் அருகில் நின்று பார்க்கவும், உலையின் பொத்தானை மகனோ மகளோ அழுத்தவும் பல தகன நிலையங்கள் அனுமதிக்கின்றன. எத்தனை பேர் உள்ளே வரலாம், தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு வையுங்கள். கற்பூரம் கொளுத்த எல்லா இடத்திலும் விட மாட்டார்கள். நெய் ஒன்றிரண்டு ஸ்பூன், சந்தனக் கட்டைத் துண்டுகள், பூ ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மறுப்பு இருக்காது. முழுத் தேங்காய், கண்ணாடிப் புட்டி, காசு ஆகியவற்றை உள்ளே வைக்கக் கூடாது.

டெக்சஸில் பொதுவாக இறந்து 48 மணி நேரம் ஆகாமல் தகனம் செய்யக் கூடாது. எம்பாம் செய்வது (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது) சட்டப்படி கட்டாயம் இல்லை. குளிர்சாதனத்தில் வைத்தாலே போதும். ஆனால் பலர் வந்து பார்க்கும்படி வைப்பதானால் சில ஃப்யூனரல் ஹோம்கள் தங்கள் விதியாக எம்பாம் கேட்கும். வீட்டார் மட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் தேவையில்லை என்று சொல்லிப் பாருங்கள். கையெழுத்து விஷயத்தில் ஒன்று. அப்பா வேறு யாரையும் எழுத்தில் நியமித்திருக்காவிட்டால், இந்த மாநிலத்தில் முதல் உரிமை அம்மாவுக்குத்தான். தகன ஒப்புதலில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். எனவே படிவத்தை முன்கூட்டியே வாங்கி, ஒவ்வொரு வரியையும் தமிழில் அவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் அவர் போடக் கூடாது.

பெட்டியை மூடும் முன் அப்பாவின் உடலில் இருக்கும் உலோகங்களைக் கழற்றிவிடுங்கள். மோதிரம் எல்லோருக்கும் நினைவு இருக்கும். வேட்டிக்குள் இருக்கும் வெள்ளி அரைஞாணை இங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். காது கேட்கும் கருவியையும் எடுத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதன் பேட்டரி உலைச் சூட்டில் வெடிக்கும். அதனால் முன்பே அகற்றியாக வேண்டும்.

அடுத்து அஸ்தி. நம்மவர்கள் பலர் அதிர்ச்சி அடைவது இங்கேதான். ஊரில் மறுநாள் பால் தெளிக்கப் போனால் எலும்புத் துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுப்பீர்கள். இங்கே உலையில் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் எரிந்தபின், மிஞ்சும் எலும்பை ஆற வைத்து, காந்தத்தால் ஆணி, கீல் துண்டுகளைப் பிரித்து, ஓர் இயந்திரத்தில் போட்டு மணல்போலப் பொடித்துவிடுகிறார்கள். கைக்கு வருவது இரண்டு மூன்று கிலோ எடையுள்ள சாம்பல் நிறப் பொடி. சஞ்சயனத்துக்கு (எலும்பு பொறுக்கும் சடங்கு) எலும்பு வேண்டும் என்று உங்கள் வீட்டுப் புரோகிதர் சொன்னால், ஒரு சில துண்டுகளைப் பொடிக்காமல் தர முடியுமா என்று தகனத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் சம்மதிப்பார்கள், சில இடங்களில் மறுப்பார்கள். பொடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அந்தப் பொடியைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தருவார்கள். பையோடு எண் பொறித்த சின்ன உலோக வில்லை ஒன்று இருக்கும். உலைக்குள் போகும்போதே அப்பாவோடு வைக்கப்படும் அடையாளம் அது. அந்த எண்ணும் தகனச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று வாங்கும்போதே பாருங்கள். பையையும் வில்லையையும் ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள்.

இதை வைத்துத்தான் அண்ணனின் செப்புக் கலசத்துக்குப் பதில். அதில் அஸ்தியை வைத்து விமானம் ஏற வேண்டாம். டி.எஸ்.ஏ. என்ற விமான நிலையப் பாதுகாப்புத் துறையின் சோதனையில் அஸ்திப் பாத்திரம் எக்ஸ்ரே வழியே போக வேண்டும். உள்ளே இருப்பது படத்தில் தெரிய வேண்டும். செம்பு, பித்தளை, எஃகு எல்லாம் படத்தை மறைக்கும். தெரியாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். நீங்களே கெஞ்சிக் கேட்டாலும் அஸ்திப் பாத்திரத்தை அவர்கள் திறந்து பார்ப்பதில்லை. மரியாதைக்காக வைத்திருக்கும் விதி அது. பாதுகாப்பு வரிசையில் நின்றுகொண்டு அப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. ஃப்யூனரல் ஹோம் தரும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியோ, மெல்லிய மரப்பெட்டியோ போதும். ஒரு பட்டுத்துணிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போகலாம். கடையில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும் அலங்காரக் கலசம் எதுவும் உங்களுக்கு வேண்டாம். அது காவிரிக்கரையில் காலியாகத்தான் நிற்கப்போகிறது.

அண்ணன் ஆசையாக வாங்கியதை வீணாக்கவும் வேண்டாம். கலசத்தைக் காலியாகப் பயணப் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப்போங்கள். குளித்தலையில் வைத்து அஸ்தியை அதற்கு மாற்றி, அண்ணன் கையாலேயே ஆற்றுக்குக் கொண்டுபோகட்டும். கொள்ளளவை மட்டும் இப்போதே தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு கன அங்குலம் என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. நோயில் இளைத்த பிறகான எடையை எடுக்காதீர்கள், அப்பா நன்றாக இருந்தபோது இருந்த எடையை எடுங்கள். சாம்பல் எலும்பிலிருந்து வருவது, எலும்பு அவ்வளவாகக் குறைவதில்லை. அவர் 140 பவுண்டு இருந்தார் என்றால் 140 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.3 லிட்டர். நம் கடைகளில் கிடைக்கும் செம்புகள் பல இதைவிடச் சிறியவை. போதாவிட்டால் மீதியை ஒரு மண் கலயத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பிடியை இங்கே கால்வெஸ்டன் கடலில் கரைக்கப் பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டால் அதுவும் முடியும். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் போக வேண்டும், 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிப்பதா, முழுவதும் காவிரிக்கா என்பதை அப்பாவே சொல்லட்டும். நல்ல நினைவோடு இருக்கும் ஒரு காலை வேளையில் கேளுங்கள். காவிரியைப் பற்றி அவரே பேச்சை எடுத்திருக்கிறார். கேட்டால் வருத்தப்பட மாட்டார்.

பயணத்துக்கு வேண்டிய காகிதங்கள்: இறப்புச் சான்றிதழின் அதிகாரபூர்வப் பிரதிகள் (ஒன்றிரண்டு போதாது, வங்கிக்கும் ஓய்வூதியத்துக்கும்கூட வேண்டியிருக்கும்), தகனச் சான்றிதழ், பெட்டிக்குள் சாம்பல் மட்டுமே இருக்கிறது என்று ஃப்யூனரல் ஹோம் தரும் கடிதம். அப்பா இந்தியக் குடிமகன் என்பதால் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் இறப்பைத் தெரிவித்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, அஸ்தி கொண்டுபோக அவர்கள் தரும் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்துக்கும் போன் செய்யுங்கள். சிலர் கைப்பெட்டியில்தான் அனுமதிப்பார்கள். வழியில் இறங்கும் நாட்டிலும் சோதனை உண்டு, அதனால் இந்தக் காகிதங்கள் பெரிய பெட்டிக்குள் போகாமல் கையிலேயே இருக்கட்டும்.

உடனே ஓட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அணையில் இருக்கும் நீரைப் பொறுத்துத் தேதி மாறும். மூடிய பிறகு, கோடையில் குளித்தலைப் பக்கம் போனால் மணல்தான் பெரும்பாலும் கண்ணில் படும்; தண்ணீரைத் தேடி நடக்க வேண்டியிருக்கும். அப்பா கரைய வேண்டும் என்று கேட்டது ஓடுகிற காவிரியில்தானே. புரோகிதர் சரி என்றால், ஆற்றில் தண்ணீர் வரும்வரை வீட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருங்கள். கரைக்கும்போது பிளாஸ்டிக் பையையும் உலோக வில்லையையும் ஆற்றில் விடாதீர்கள். மண் கலயத்திலிருந்தோ செம்பிலிருந்தோ நீரோடு ஒட்டிச் சரித்து ஊற்றுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் காற்றில் பறந்து நிற்பவர்கள்மேல் படும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதைக்கும் வழக்கம் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் பெட்டி வாங்கும் முன் கல்லறைத் தோட்டத்தின் விதிகளைக் கேளுங்கள். பெட்டியைச் சுற்றி கான்கிரீட் உறை வேண்டும் என்று பல தோட்டங்கள் கேட்கும். அது தோட்டத்தின் விதி, அரசுச் சட்டம் அல்ல. அந்த உறையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கஃபன் துணியில் மட்டும் அடக்கம் செய்ய விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள் அதற்கு இடம் தரும் தோட்டத்தை முதலில் முடிவுசெய்யுங்கள், பெட்டியே தேவைப்படாமல் போகலாம். உடலையே ஊருக்கு அனுப்புவதானால் கணக்கு வேறு. எம்பாம் சான்றிதழும் முத்திரையிட்ட பெட்டியும் வேண்டும், அதில் பழக்கம் உள்ள ஃப்யூனரல் ஹோமிடம்தான் போக வேண்டும்.

சகோதரி, அண்ணனிடம் பேசும்போது 'மஹாகனி வேண்டாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். தூரத்தில் இருக்கிறவர் அவர். அப்பாவின் தலைமாட்டில் உட்கார முடியாத வருத்தம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆற்றங்கரை ஏற்பாடு, புரோகிதர், தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. இங்கே சடங்கு நடக்கும்போது வீடியோவில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம், பெரும்பாலான ஃப்யூனரல் ஹோம்களில் அதற்கு வசதி உண்டு. பெட்டிக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அம்மாவின் விமான டிக்கெட்டுக்குத் தரச் சொல்லுங்கள். அஸ்தியோடு அம்மாவும் போகட்டும்.

அம்மா அங்கேயே கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொன்னால் ஒன்றை மட்டும் முன்பே கவனியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர் ஓர் ஆண்டுக்கு மேல் வெளியே தங்குவதானால் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழைவதற்கான அனுமதி) வேண்டும். அதற்கு அவர் அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கிளம்பிப் போன பிறகு அங்கிருந்து முடியாது. அஸ்திக்கான காகிதங்களைத் தயார்செய்யும் அதே வாரத்தில் அதையும் போட்டுவிடுங்கள்.